வாசகர் கேள்வி – பதில்: பழைய ஊழிய விமானத்தைப் புதுப்பிக்க நிதி திரட்டுவது எப்படி?

சென்ற இதழில், கிறிஸ்தவ ஊழியத்துக்குப் பயன்படும் ஊழிய விமானங்களைப் பற்றிய ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய விமானத்தைப் புதுப்பிப்பதையும் அதற்குப் பணம் சேர்ப்பதையும் பற்றியே கேட்டிருந்ததால், இந்த மாதப் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்குகிறேன். விமானப் பராமரிப்புக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், என் பதில்களில் எஞ்சின் எண்ணெயின் வாடை சற்றுத் தூக்கலாகவே இருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊழிய ஸ்தாபனத்துக்கு 1979-ஆம் ஆண்டில் தயாரான ஆறு இருக்கை செஸ்னா 206 விமானம் ஒன்று இருக்கிறது. சாலை வசதி இல்லாத கிராமங்களுக்கு மருந்தையும் ஆசிரியர்களையும் கொண்டு செல்வதும், அங்கிருந்து நோயாளிகளை ஏற்றி வருவதும் அதன் வேலை. எஞ்சினை ஓவர்ஹால் செய்து (அதாவது முழுவதும் பிரித்துச் சரிசெய்து), புது வண்ணம் பூசி, கருவிப் பலகையை மாற்ற வேண்டும் என்று குழு முடிவு செய்து, குத்துமதிப்பாக ஒரு தொகையைப் போட்டுத் துண்டுப் பிரசுரம் அச்சிடச் சொல்கிறது. எனக்கு அந்தத் தொகையில் நம்பிக்கை வரவில்லை. என்ன செய்யலாம்? — ஒரு பொருளாளர்

உங்கள் சந்தேகம் சரியானது. பிரசுரம் அச்சுக்குப் போகாமல் நிறுத்தி வையுங்கள்.

விமானத்தின் வயதை ஒரே கணக்கில் அளக்க முடியாது. எஞ்சினின் வயது அது ஓடிய மணி நேரத்தில் இருக்கிறது. சக்கரத் தாங்கிகளின் வயது எத்தனை முறை தரையிறங்கினார்கள் என்பதிலும், எப்படிப்பட்ட தரையில் இறங்கினார்கள் என்பதிலும் இருக்கிறது. ரப்பர் குழாய்கள், எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையங்கள், மின்கம்பிகளின் மேலுறை ஆகியவை விமானம் பறந்தாலும் பறக்காமல் நின்றாலும் ஆண்டுக்கணக்கில் முதுமை அடைகின்றன. நான்காவது கணக்கு, விமானம் எந்தக் காற்றில் நின்றது என்பது. கடற்கரையில் பத்து ஆண்டுகள் நின்ற அலுமினியமும் வறண்ட பீடபூமியில் பத்து ஆண்டுகள் நின்ற அலுமினியமும் ஒன்றல்ல.

உங்கள் குழு குறிப்பிட்ட மூன்று வேலைகளும் இவற்றில் முதல் கணக்கை மட்டுமே தொடுகின்றன, அதுவும் பாதியளவில். அந்தக் காலத்து 206-களில் பொருத்தப்பட்ட கான்டினென்டல் ஐஓ-520 வகை எஞ்சின்களுக்கு, உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் இடைவெளி பெரும்பாலும் 1,700 மணி நேரம். அவ்வளவு ஓடாவிட்டாலும் 12 ஆண்டுகளில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது பரிந்துரையின் மறுபாதி. இந்தச் செலவை முன்கூட்டியே ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடியும், ஏனெனில் ஓவர்ஹால் கூடங்கள் எழுத்தில் விலை கொடுப்பார்கள். வண்ணமும் கருவிப் பலகையும் அப்படியே. சொல்ல முடியாதது, விமானத்தின் தரைப்பலகைக்கு அடியிலும் வால்கூம்பின் உள்ளேயும் இறக்கையின் முதுகெலும்பு போன்ற நடுச்சட்டத்திலும் என்ன இருக்கிறது என்பதுதான். அலுமினியத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடங்களில் ஈரம் புகுந்தால் வெண்ணிறப் பொடியாக அரிமானம் தொடங்கும். அந்தப் பொடி உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால் தகடு புடைக்கும். தறையாணிகளின் தலைகள் இழுபடும். வெளியே பளபளவென்று வண்ணம் இருக்கும்போதே இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும்.

இது எவ்வளவு தீவிரமானது என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 1988 ஏப்ரல் 28-இல் ஹவாயில் நடந்தது. அலோஹா ஏர்லைன்ஸின் 19 வயதான போயிங் 737 ஒன்று, 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது முன்பகுதியின் மேற்கூரையை இழந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். உப்புக்காற்று, தீவுகளுக்கிடையே 89,000-க்கும் மேற்பட்ட குறுகிய பறப்புகள், தகடுகளின் இணைப்பில் தொடங்கிய விரிசல்கள் ஆகியவை சேர்ந்து அதைச் செய்தன. உங்கள் விமானத்தில் காற்றழுத்தம் ஏற்றப்பட்ட அறை இல்லை என்பதால் அதே விதமான விபத்து நேராது. ஆனால் 2019 மே மாதம் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா அருகே நில அளவைக்காகப் பறந்த செஸ்னா 210 ஒன்றின் இறக்கை நடுவானில் பிரிந்து இருவர் இறந்தனர். இறக்கைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் ஒரு சிறு அரிமானக் குழியிலிருந்து, சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் உண்டாகும் களைப்பு விரிசல் வளர்ந்திருந்தது. உங்கள் 206-இல் இறக்கையைத் தாங்க வெளியே ஒரு தாங்குகோல் உண்டு. அந்த 210-இல் அது இல்லை. அதனால் இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாங்குகோல் உடலோடும் இறக்கையோடும் சேரும் இணைப்புகளை யாராவது கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தார்கள் என்று, பராமரிப்பு வேலைகளைப் பதியும் உங்கள் லாக் புத்தகத்தில் தேடிப் பாருங்கள்.

ஆகவே முதலில் திரட்ட வேண்டியது ஆய்வுக்கான சிறு நிதி. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். எவ்வளவு செலவாகும் என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் பணம் என்று வெளிப்படையாகச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் பெரும்பாலும் சீஷத்துவத்துக்கு மட்டுமே பிரசங்கிக்கிறோம்; விமானம் நிற்கும் ஹேங்கருக்கும் அது பொருந்தும். ஆய்வு செய்பவர், உங்கள் விமானத்தை வழக்கமாகப் பராமரிப்பவராக இல்லாமல் வேறொருவராக இருப்பது நல்லது. வழக்கமானவர் நேர்மையற்றவர் என்பதால் அல்ல, நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்குச் சில குறைகள் பழகிப்போகும் என்பதால்தான். தரைப்பலகைகளையும் உட்புற உறைகளையும் கழற்றி, சிலிண்டர்களுக்குள் சிறு கேமரா விட்டு, ஐயமான இணைப்புகளை, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் சாய ஊடுருவல் முறையிலும் சுழல் மின்னோட்ட முறையிலும் சோதிக்கச் சொல்லுங்கள். கரடுமுரடான ஓடுபாதைகளில் இறங்கும் 206-களில், மூக்குச் சக்கரத்தைத் தாங்கும் தீத்தடுப்புச் சுவர் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகடு) வளைந்திருக்கிறதா என்று பார்க்காத ஆய்வு ஆய்வே அல்ல. 1986 வரை தயாரான தன் விமானங்களுக்காகச் செஸ்னா நிறுவனம் கூடுதல் ஆய்வு ஆவணங்களைப் பின்னாளில் வெளியிட்டிருக்கிறது. சில நாடுகளில் அவை கட்டாயம், சில நாடுகளில் பரிந்துரை மட்டுமே. கட்டாயமில்லாத நாட்டில் நீங்கள் இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பின்பற்றுங்கள். இத்துடன், இந்த வகை விமானத்துக்கு விமானப் போக்குவரத்து அதிகாரிகள் இதுவரை பிறப்பித்த வான்தகுதி ஆணைகள் (கட்டாயப் பாதுகாப்பு உத்தரவுகள்) ஒவ்வொன்றும் நிறைவேற்றப்பட்டதற்கு லாக் புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். கையெழுத்து இல்லாத வேலையைச் செய்யாத வேலையாகவே கருதுவது எங்கள் தொழிலின் வழக்கம்.

அறிக்கை கைக்கு வந்தபின், செய்யாவிட்டால் பறக்க முடியாதவை, இப்போது செய்தால் மிச்சம் பிடிக்கக்கூடியவை, மனதுக்குப் பிடித்தவை என்று வேலைகளைப் பிரித்து எழுதுங்கள். வண்ணம் பெரும்பாலும் மூன்றாவதில் விழும்; குழுவில் சிலருக்கு வருத்தமாக இருக்கும். மொத்தத் தொகையின் மேல் குறைந்தது நான்கில் ஒரு பங்கை, பிரித்தபின் தெரியவரும் குறைகளுக்கென்று சேர்த்து, அதை மறைக்காமல் அதே பெயரில் பிரசுரத்தில் அச்சிடுங்கள். எஞ்சினில்கூட இது தேவைப்படும்: ஓவர்ஹால் கூடம் கொடுக்கும் விலை, உங்கள் பழைய எஞ்சினின் வணர் அச்சும் (கிராங்க்ஷாஃப்ட்) உறையும் மீண்டும் பயன்படும் நிலையில் இருந்தால்தான் நிற்கும். அவற்றில் விரிசல் கண்டால் கணக்கு மாறிவிடும்.

கேள்வி: இவ்வளவு ஆபத்து இருக்கும்போது பழைய விமானத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதுதானே நியாயம்? கர்த்தருடைய ஊழியத்துக்குப் பழையதைக் கொடுப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. — ஒரு வாசகி

உறுத்தலைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் பெயர்பெற்ற ஊழிய விமான அமைப்பு ஒன்று தொடங்கியதே ஒரு பழைய விமானத்தில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1945-இல் அமெரிக்காவில் உருவாகி, பின்னர் மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் என்று பெயர் பெற்ற அமைப்பின் முதல் விமானம், 1933-இல் தயாரான வாக்கோ இரட்டையிறக்கை விமானம். போர்க்காலத்தில் பெண் விமானிகள் படையில் பறந்த பெட்டி கிரீன் 1946-இல் அதை மெக்சிகோவுக்கு ஓட்டிச் சென்றார். அங்கு இன்னொருவர் ஓட்டித் தரையிறக்கும்போது அது சேதமடைய, அதைச் சரிசெய்ய அனுப்பப்பட்ட இளைஞர்தான் நேட் செயிண்ட். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1956-இல், எக்குவடோர் காட்டில் இரத்தசாட்சியாக மரித்தவராக நாம் அவரை நினைக்கிறோம். அந்த அமைப்புக்காக அவர் செய்த முதல் பெரிய வேலை பழைய இறக்கைகளைத் திரும்பக் கட்டியது என்பதை எங்களைப் போன்ற மெக்கானிக்குகள் சற்றுப் பெருமையோடு நினைத்துக்கொள்வோம்.

வயது மட்டுமே ஒரு விமானத்தைத் தகுதியற்றதாக்காது. டிசி-3 வகை விமானம் முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17-இல். ஃபுளோரிடாவிலிருந்து ஹைத்திக்கும் அண்டை நாடுகளுக்கும் சரக்கு கொண்டுசெல்லும் மிஷனரி ஃப்ளைட்ஸ் இன்டர்நேஷனல் என்ற ஊழிய அமைப்பு, அந்த வகை விமானங்களைப் பழைய பிஸ்டன் எஞ்சின்களை நீக்கி டர்பைன் எஞ்சின்கள் பொருத்திப் பயன்படுத்தி வந்திருக்கிறது. உலோகம் நன்றாக இருந்து, உதிரிப் பாகங்களும் கிடைத்து, பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் விமானம் பல தலைமுறைகளுக்கு உழைக்கும்.

புதியது வாங்குவதில் வேறொரு கணக்கும் உண்டு. செஸ்னா நிறுவனம் 1986-இல் சிறிய பிஸ்டன் விமானங்களின் உற்பத்தியை நிறுத்தியது. 206 மீண்டும் தயாராகத் தொடங்கியது 1998-இல்தான். ஊழியக் களங்களில் முதியவர்களாக நிற்கும் பல விமானங்கள் அந்த இடைவெளிக்கு முந்தியவை. அதற்குள் இன்னொரு சிக்கலும் முற்றியது: இந்தப் பிஸ்டன் எஞ்சின்கள் குடிக்கும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் உலகின் பல மூலைகளில் கிடைப்பது அரிதாகி, பீப்பாய்களில் வெகுதூரம் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஜெட் விமானங்களுக்கான மண்ணெண்ணெய் வகை எரிபொருள் ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைப்பதால், பெரிய ஊழிய அமைப்புகள் அந்த எரிபொருளில் ஓடும் செஸ்னா கேரவன், கோடியாக் போன்ற டர்பைன் விமானங்களுக்கு மாறத் தொடங்கின. கோடியாக் விமானத்தின் வடிவமைப்பிலேயே ஊழிய அமைப்புகளின் தேவைகள் கருத்தில் கொள்ளப்பட்டன. பத்து இருக்கைகள் கொண்ட அது, முழு எடையுடன் 934 அடி ஓடினால் தரையை விட்டு எழும்பிவிடும். இந்த இரு விமானங்களிலும் பொருத்தப்படும் பிடி-6 வகை டர்பைன் எஞ்சின்களின் ஓவர்ஹால் இடைவெளி பொதுவாக 3,600 மணி நேரம் அல்லது அதற்கும் மேல், அதாவது முன்பு சொன்ன பிஸ்டன் எஞ்சினின் இருமடங்குக்கும் மேல்.

ஆகவே தீர்மானம் இப்படி அமைய வேண்டும் என்பது என் கருத்து. விமானப் பெட்ரோல் இன்னும் பத்து ஆண்டுகளுக்குத் தடையின்றிக் கிடைக்கும் என்ற உறுதி உங்கள் களத்தில் இருந்து, நடுச்சட்டத்தில் அரிமானம் இல்லையென்று ஆய்வு சொல்லி, ஏற்றிச்செல்லும் எடை உங்கள் தேவைக்குப் போதுமானதாக இருந்தால் புதுப்பியுங்கள். இவற்றில் முதலாவது இல்லையென்றால், எவ்வளவு அழகாகப் புதுப்பித்தாலும் அது எரிபொருளுக்காகக் காத்து நிற்கும் விமானமாகவே இருக்கும். அந்த நிலையில் விற்றுவிட்டு, அந்தப் பணத்தை டர்பைன் விமானம் வைத்திருக்கும் வேறொரு ஊழிய அமைப்பின் பறப்பு மணிகளை வாங்கச் செலவிடுவது நல்லது. சொந்த விமானம் இல்லாமல் ஊழியம் செய்ய முடியாது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நோயாளிக்கு விமானத்தின் வாலில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்பது தெரியவும் தெரியாது.

கேள்வி: நாங்கள் விசுவாச ஊழியம் செய்கிறவர்கள். தேவைகளை ஜெபத்தில் வைப்போமே தவிர, கணக்கு அச்சிட்டு மனிதரிடம் கேட்பதில்லை. பராமரிப்புக் கூடத்தின் மதிப்பீட்டைச் சபையார் முன் வைப்பது விசுவாசக் குறைவு அல்லவா? — ஒரு ஊழியர்

கேட்காமல் காத்திருப்பது உங்கள் அழைப்பு என்றால் அதைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கொடுக்கப்பட்ட பணத்துக்குக் கணக்குச் சொல்வது வேறு காரியம். 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆலயத்தைப் பழுதுபார்க்கவென்று பணம் வந்துகொண்டே இருக்கிறது. யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரை ஆசாரியர்கள் பழுதுபார்க்கவில்லை. ராஜா அவர்களை அழைத்துக் கேட்கிறான். அதன்பின் யோய்தா ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தருகே வைக்கிறான். பெட்டி நிரம்பியதும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணிக் கட்டுகிறார்கள். பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் போகிறது. ஆலயத்துக்கான வெள்ளிக் கிண்ணங்களுக்கு அதிலிருந்து எடுக்கப்படவில்லை என்று வேதம் தனியாகக் குறிப்பிடுகிறது. இருவர் எண்ணுவது, குறித்த வேலைக்கு மட்டும் செலவிடுவது, அலங்காரத்துக்குத் திருப்பாமல் இருப்பது ஆகிய மூன்றும் அங்கேயே இருக்கின்றன. பவுலும் எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைத் தனியாக எடுத்துச் செல்லவில்லை; ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு வேறு சகோதரரையும் சேர்த்துக்கொண்டார் என்பதை 2 கொரிந்தியர் 8-இல் காண்கிறோம்.

அந்த வேதபகுதியில் ஒரு வசனம் சிலருக்கு வசதியாகிவிடுகிறது: வேலை செய்வித்தவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்பது. அது அவர்களுக்குக் கிடைத்த நற்சாட்சி. அதைக் காட்டி நாமே நமக்குக் கணக்கிலிருந்து விலக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: என் தகப்பனாரின் நினைவாகக் கொடுக்க விரும்புகிறேன். விமானம் முழுவதும் புது வண்ணம் பூசும் செலவை நானே ஏற்று, கதவருகே அவர் பெயரை எழுதலாம் என்று நினைத்தேன். குழுவினர் எஞ்சினுக்குக் கொடுங்கள் என்கிறார்கள். எஞ்சினில் யார் பெயரைப் பார்ப்பார்கள்? — ஒரு நன்கொடையாளர்

உங்கள் கேள்வியின் நேர்மைக்கு நன்றி. பலர் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு வெறும் தலையாட்டுவார்கள்.

வண்ணத்தை ஏளனமாக நினைக்க வேண்டாம். பழைய வண்ணத்தை முழுவதும் உரித்தால்தான் தகட்டின் உண்மை நிலை தெரியும். புதிய அடிப்பூச்சு அரிமானத்தைத் தடுக்கும். ஆனால் அதன் முறை கடைசியில் வருகிறது. நான் வேலை பார்த்த காலத்தில் ஓர் அமைப்பு, நன்கொடையாளர் அவசரப்பட்டார் என்பதற்காக முதலில் வண்ணம் பூசிப் படமெடுத்து அனுப்பியது. மூன்று மாதம் கழித்துத் தரைப்பலகைகளைத் தூக்கியபோது அடித்தகடுகள் பல மாற்றப்பட வேண்டும் என்று தெரிந்தது. புதுத் தகடுகளின் இடத்தில் வண்ணம் ஒட்டுப் போட்டதுபோல் ஆயிற்று. அந்தப் பணம் வீணானது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வண்ணத்துக்கு எடையும் உண்டு. பழையதன்மேல் புதியதை அடுக்கினால் சில கிலோ கூடும். அந்தக் கிலோக்கள் மருந்துப் பெட்டியின் எடையிலிருந்துதான் கழியும். வாலிலும் இறக்கையிலும் அசையும் சுக்கான்களுக்குப் பூசியபின் அவற்றைக் கழற்றிச் சமநிலை பார்த்தாக வேண்டும்; தவறினால் வேகத்தில் பறக்கும்போது அவை படபடத்து உடைந்துபோகக்கூடும். பிறகு விமானத்தையே மறுபடி எடை போட வேண்டும். வண்ணத்துக்குக் கொடுப்பவர் இந்த வேலைகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று குழுவினர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் தகப்பனாரின் பெயருக்கு ஒரு வழி சொல்கிறேன். கேபினுக்குள் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரு சிறு தகடு வைத்து, பெயர்களை மட்டும் எழுதலாம், யார் எதற்குக் கொடுத்தார் என்பது இல்லாமல். அப்போது எரிபொருள் குழாய்க்குக் கொடுத்தவரும் இருக்கைக்குக் கொடுத்தவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள், குழுவும் பணத்தை வேலையின் வரிசைப்படி செலவிட முடியும். எஞ்சினின் ஒரு சிலிண்டர், புரொப்பெல்லரின் ஓர் அலகு என்று பங்கு பிரித்து விற்பதுபோலக் கேட்பது நிதி திரட்டுவதில் நன்றாகவே வேலை செய்யும். இருந்தாலும் நான் அதை ஆதரிப்பதில்லை. கண்ணுக்குப் பிடித்த பாகங்களுக்குப் பணம் குவிந்து, கம்பிச் சுருளுக்கும் கப்பிக்கும் யாரும் இல்லாமல் போகும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற மெக்கானிக். பணம் கொடுக்க வசதியில்லை. என்னிடம் இரண்டு ரேடியோக்களும் ஒரு ஜோடி சக்கரங்களும் சில கருவிகளும் இருக்கின்றன. அவற்றையும் என் உழைப்பையும் கொடுத்தால் ஏற்பார்களா? — ஒரு மெக்கானிக்

உழைப்பை இரு கையேந்தி வாங்கிக்கொள்வார்கள். தரைப்பலகை கழற்றுவது, சுத்தம் செய்வது, பழைய வண்ணம் உரிப்பது, இருக்கை உறை தைப்பது என்று ஒரு புதுப்பிப்பில் மனித நாட்கள் ஏராளமாகக் கரையும். உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் மேற்பார்வையிட்டு, ஒவ்வொரு வேலையையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பத்து பேர் தன்னார்வமாக வந்து, கையெழுத்திடுபவர் ஒருவரும் இல்லாத நிலை ஏற்படாதபடி, அந்த ஒருவரின் சம்பளத்தை நிதிக் கணக்கில் முதல் வரியாக எழுதிவைப்பது நல்லது.

பாகங்களின் கதை வேறு. ஒரு ரேடியோ எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், அது எங்கிருந்து வந்தது, யார் சோதித்து வெளியிட்டார் என்று சொல்லும் சான்றுத் தாள் இல்லாமல் விமானத்தில் ஏறக்கூடாது. அமெரிக்க முறையில் 8130-3 படிவமும், ஐரோப்பிய முறையில் ஃபார்ம் 1 என்ற படிவமும் அந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் சக்கரங்களுக்கு அப்படிப்பட்ட தாள் இருந்தால் அது பெரிய காணிக்கை. இல்லையென்றால் தகுதிபெற்ற கூடம் ஒன்று சோதித்துச் சான்று தர ஆகும் செலவு, சில வேளைகளில் வேறொன்று வாங்குவதையும் மிஞ்சிவிடும். கருவிகளை மட்டும் தயங்காமல் கொடுங்கள். முறுக்குவிசை அளக்கும் கருவி இருந்தால் அதன் அளவைச் சரிபார்த்த சான்றோடு.

கேள்வி: பாதிப் பணம் வந்துவிட்டது. மீதி வரும் என்ற நம்பிக்கையில் விமானத்தைப் பிரிக்கத் தொடங்கலாமா? — ஒரு குழு உறுப்பினர்

வேண்டாம். பிரித்த விமானத்துக்கு ஹேங்கர் வாடகை ஓடும். கழற்றிய பாகங்கள் பெட்டிகளில் கலந்துபோகும். பக்கத்தில் நிற்கும் இன்னொரு விமானத்துக்கு அவசரம் என்று ஒரு பம்பைக் கடன் கேட்பார்கள், அது திரும்ப வராது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கோர்ப்பதற்குப் பிரித்ததைவிட இருமடங்கு நேரம் பிடிக்கும். பறக்க முடியாதபடி தடுக்கும் வேலைகள் முழுவதற்கும், குறைகளுக்கென்று ஒதுக்கிய பங்குக்கும் பணம் வங்கியில் இருக்கும் நாளில் தொடங்குங்கள். வாக்குக் கொடுத்த தொகையைக் கையில் உள்ள தொகையாக எண்ண வேண்டாம். பராமரிப்புக் கூடத்துக்கும் மொத்தமாக முன்பணம் கொடுக்காமல், ஒவ்வொரு கட்டமும் முடிந்து, வேலை லாக் புத்தகத்தில் ஏறியபின் கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதுங்கள்.

கேள்வி: விமானம் ஹேங்கரில் இருக்கும் மாதங்களில் கிராமங்களின் கதி என்ன? — ஒரு மருத்துவ ஊழியர்

நிதி அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபடும் கேள்வி இதுதான். புதுப்பிப்புக் கணக்கில் மாற்று விமானத்தின் வாடகைப் பறப்புகளும் ஒரு தலைப்பாக வர வேண்டும். நான்கு மாதம் என்று சொல்லப்படும் வேலை ஏழு மாதம் ஆகும் என்று எதிர்பார்த்து அந்தத் தொகையைப் போடுங்கள். வெளிநாட்டுப் பாகங்கள் சுங்கத்தில் காத்திருக்கும் நாட்களை எந்தப் பொறியாளரும் குறைக்க முடியாது. கிராமங்களுக்குத் தேதியை முன்கூட்டியே சொல்லி, குளிர்பதனம் தேவைப்படும் மருந்துகளையும் பிரசவ காலக் கணக்குகளையும் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். விமானம் திரும்பிய பிறகும் சில வாரங்கள் அது உங்களுக்கு முழுமையாகக் கிடைக்காது. ஓவர்ஹால் ஆன எஞ்சினைத் தொடக்கத்தில் கனிம எண்ணெயில் ஓட்டிப் பழக்க வேண்டும், முதல் மணி நேரங்களில் எண்ணெயை மாற்றி வடிகட்டியை வெட்டிப் பார்த்து உலோகத் துகள் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். குறுகிய மலை ஓடுபாதைகளுக்கு அந்தக் காலத்தில் அதை அனுப்பாமல் இருப்பதே விவேகம்.

கேள்வி: தேவைக்கு மேல் பணம் வந்துவிட்டால் வேறு ஊழியத்துக்குத் திருப்பலாமா? — ஒரு சபை மூப்பர்

பிரசுரத்திலேயே அதை எழுதியிருந்தால் திருப்பலாம். எழுதவில்லையென்றால் கொடுத்தவர்களைக் கேட்காமல் திருப்பக்கூடாது. ஆசரிப்புக் கூடார வேலைக்கு ஜனங்கள் வேண்டியதற்கு அதிகமாகக் கொண்டுவந்தபோது, இனி கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் எங்கும் கூறச் சொன்னதாக யாத்திராகமம் 36 சொல்கிறது. அப்படி அறிவித்த ஒரு நிதிக்குழுவை நான் இன்னும் சந்திக்கவில்லை. என் ஆலோசனை, மிஞ்சுவது அடுத்த ஓவர்ஹாலுக்கான சேமிப்பில் சேரும் என்று முதல் நாளே அச்சிட்டுவிடுவது. ஒவ்வொரு பறப்பு மணிக்கும் ஒரு தொகையை எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் என்று தனிக் கணக்கில் போட்டு வரும் அமைப்புக்கு, அடுத்த 1,700 மணி நேரத்தின் முடிவில் இப்படி ஒரு பிரசுரமே தேவைப்படாது. அந்தச் சேமிப்பை அவசரச் செலவுக்கு எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும் என்று விதி வையுங்கள்.

கேள்வி: கழற்றிய பழைய புரொப்பெல்லரை ஆலய வளாகத்தில் நினைவாக வைக்க விரும்புகிறோம். தடை உண்டா? — ஒரு வாலிபர் சங்கச் செயலாளர்

தடை இல்லை, ஒரு வேலை இருக்கிறது. ஆயுள் முடிந்த அல்லது நிராகரிக்கப்பட்ட பாகம் மீண்டும் யாருடைய விமானத்திலும் ஏறாதபடி செய்த பிறகே அது ஹேங்கரை விட்டு வெளியே வரலாம். புரொப்பெல்லரின் நடுக்குடத்தில் பெரிய துளையிடச் சொல்லி, வரிசை எண்ணை அழித்து, அது அழிக்கப்பட்டதை லாக் புத்தகத்தில் பதிவுசெய்து, அந்தப் பக்கத்தின் நகலை உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். துளையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினால் பார்ப்பவருக்குத் தெரியாது.